கத்தேக்கோன்: கடமையா, தகுசெயலா?

பழங்கிரேக்கத்தில் தோன்றிய ஸ்டோயிக் மெய்யியலைப் பற்றித் தமிழில் எழுதுவோரும் பேசுவோரும் ‘கத்தேக்கோன்’ என்னும் கிரேக்கச் சொல்லைக் ‘கடமை’ என்றே பெயர்த்துவிடுகிறார்கள். அதனால் அந்த மெய்யியலே உருமாறிப்போகிறது.

‘வந்து சேர்தல், பொருந்துதல்’ என்னும் வினையடியாகப் பிறந்த இதை மெய்யியற் கலைச்சொல்லாக முதலில் ஆண்டவர், கி.மு. 300 அளவில் ஏதென்சின் ஓவிய மண்டபத்தில் பாடம் சொல்லி ஸ்டோயிக் மரபைத் தொடங்கிய கிட்டியத்துச் சீனோ. செய்தபின் நியாயமான காரணம் காட்டக்கூடிய செயலே கத்தேக்கோன் என்பது அவர் மரபினர் தந்த இலக்கணம்.

‘கடமை’ நல்ல தமிழ்ச்சொல்தான். என் தடை தூய்மை பற்றியதன்று, தெளிவு பற்றியது. ‘கடன்’ என்பதோடு உறவுடைய அச்சொல் சோழர் கல்வெட்டுகளில் இறுக்கவேண்டிய வரியைக் குறித்தது. இன்றும் அதைக் கேட்டதும், கொடுத்தே தீரவேண்டிய ஒன்றும் அதை வாங்க நிற்கும் ஒருவரும் மனத்தில் எழுகின்றனர். கத்தேக்கோனில் அப்படி வாங்க நிற்பவர் எவருமில்லை. செடிகளுக்கும் விலங்குகளுக்கும்கூட அது உண்டென்று ஸ்டோயிக்கர் கருதியதை, கிரேக்க மெய்யியலாளர் வரலாறுகளை எழுதிய டயோஜெனஸ் லேயர்ட்டியஸ் பதிந்திருக்கிறார். ‘செடியின் கடமை’ என்று எழுதினால் பொருள்படுமா? ‘செடிக்குத் தக்கது’ என்றால் உடனே விளங்குகிறது.

‘ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே’ என்னும் புறநானூற்று அடியைக் காட்டி, தாய்க்கும் தந்தைக்கும் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் அவரவர் நிலைக்கேற்ற செயலைத்தானே ‘கடன்’ குறிக்கிறது என்று ஒருவர் மறுக்கலாம். வலுவான மறுப்புத்தான். பிற்கால ஸ்டோயிக்கரான எபிக்டீட்டஸும் தக்கவற்றை உறவுகளைக் கொண்டே அளக்கிறார்: தந்தை தீயவராயினும் தந்தையே, ஆகவே மகனுக்குத் தக்கது மாறுவதில்லை. ஆனால் அந்தப் பழம்பொருளில் இன்று ‘கடமை’யைப் படிப்பவர் அரிது. தனிமனிதன் தன் பகுத்தறிவால் தனக்கே விதித்துக்கொள்ளும் கட்டளை என்று 1785இல் ஜெர்மானிய மெய்யியலாளர் கான்ட் வகுத்த பொருள், மெய்யியல் எழுத்தில் இச்சொல்மேல் ஏறிவிட்டது. அதைச் சீனோவுக்குச் சூட்டினால், உறவும் ஊரும் உலகும் சேர்ந்து அளக்கும் ஒழுக்கத்தைத் தனியொருவரின் மனச்சான்றுக்குள் அடைத்துவிடுகிறோம்.

உரோமை எழுத்தாளர் சிசரோ கி.மு. 44இல் தம் மகனுக்கு எழுதிய நூலில் இதை ‘ஒஃபிக்கியும்’ என்று இலத்தீனாக்கினார். நம் மொழிபெயர்ப்பாளர் பலர் அந்த இலத்தீனுக்கு வந்த ‘டியூட்டி’ என்னும் ஆங்கிலச் சொல்லைத் தமிழாக்குகிறார்களேயன்றி, கிரேக்கச் சொல் எங்கெல்லாம் ஆளப்பட்டது என்று தேடுவதில்லை. அகராதியில் முதலில் நிற்கும் சொல்லை எடுத்துவைப்பது மொழிபெயர்ப்பாகாது.

‘செய்தக்க அல்ல செயக்கெடும்’ என்ற வள்ளுவர் வழக்கை ஒட்டித் ‘தகுசெயல்’ என்றே ஆளலாம். அறிவர் ஒருவரால் மட்டுமே இயலும் நிறைவான தகுசெயலை ஸ்டோயிக்கர் ‘கத்தோர்த்தோமா’ என்றனர். அதற்கு ‘நிறைசெயல்’ பொருந்தும்.