தண்ணீரைத் தேக்கி வைத்த சுண்ணாம்பு மலை

டேராடூனை அடுத்த சஹஸ்ரதாராவில், மழை இல்லாத நாளிலும் சுண்ணாம்புப் பாறைக் குகைகளின் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும். பாறைக்குள் தண்ணீர் புகாது என்பது கருங்கல்லையே பார்த்து வளர்ந்த நம்மில் பலரின் எண்ணம். இதே பகுதியிலுள்ள முசோரி மலைத்தொடரில் 1980களில் சுண்ணாம்புக்கல் குவாரிகளை எதிர்த்த கிராமத்தாரின் வாதத்தைப் புரிந்துகொள்ள, முதலில் அந்த எண்ணத்தை விட வேண்டும்.

சுண்ணாம்புக்கல்லைக் கொஞ்சம் சுரண்டி, அந்தப் பொடியில் எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைத்து வரும். மண்ணிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிவிடும் மழைநீர், இதே வேலையைப் பல்லாயிரம் ஆண்டுகளாகச் செய்து, பாறையின் மயிரிழைப் பிளவுகளை விரல் நுழையும் சந்துகளாகவும் குகைகளாகவும் அகலப்படுத்துகிறது. டேராடூன் பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 2,000 மி.மீ. மழை பெய்கிறது, அதில் பெரும்பங்கு ஜூன் முதல் செப்டம்பர் வரையிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். மரங்களும் மேல்மண்ணும் அந்த வேகத்தைத் தணித்து நீரைப் பிளவுகளுக்குள் இறக்கிவிட, மலை அதைக் கோடை வரையில் ஊற்றுகளின் வழியே சிறுகச் சிறுக வெளியே விடுகிறது.

குவாரி வந்தால் முதலில் போவது மரமும் மேல்மண்ணும்தான். அடுத்து வெடி வைத்துப் பெயர்ப்பது வெறும் கல்லை அல்ல, தண்ணீர் தங்கியிருந்த தொட்டியையே. விலை போகாத கழிவுக்கல் சரிவில் உருட்டிவிடப்பட்டு, மழைக்காலத்தில் ஓடைகளுக்கு வந்து சேர்கிறது. ஓடைப்படுகை மேடிட்டுப் போவதால் வெள்ளம் கரையை அறுத்துக்கொண்டு வயலுக்குள் புகுகிறது. ஆக, மழைக்காலத்தில் வெள்ளமும் கோடையில் வறண்ட ஊற்றும் ஒரே காரணத்தின் இரு விளைவுகள். இது நீரியல் நூலைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதன்று. தண்ணீர் எடுக்க நடக்கும் தூரம் கூடும்போதே தெரிந்துவிடும்.

உள்ளூர்த் தன்னார்வ அமைப்பொன்று 1983இல் அனுப்பிய கடிதத்தையே உச்ச நீதிமன்றம் மனுவாக ஏற்றது. சுற்றுச்சூழல் சமநிலை குறித்து நாட்டில் இவ்வகையில் இதுவே முதல் வழக்கு என்று குறிப்பிட்ட நீதிமன்றம், 1985 மார்ச்சில் பல குவாரிகளை மூட உத்தரவிட்டது. அதனால் உரிமதாரர்கள் படும் இன்னலை ஒப்புக்கொண்டே அவ்வாறு செய்தது. ஆனாலும் எல்லாக் குவாரிகளும் நின்றுவிடவில்லை. சின்ஸ்யாரு ஓடைப் பள்ளத்தாக்கில், 1986இல், பெண்கள் முன்னின்று குவாரிக்குச் செல்லும் பாதையை மறித்து அமர வேண்டியிருந்தது.

சஹஸ்ரதாராவிலேயே கைவிடப்பட்ட குவாரிச் சரிவு ஒன்றை மண்வள ஆய்வாளர்கள் மீட்டெடுத்தனர். கம்பிவலைக்குள் கல் அடுக்கித் தடுப்பணை கட்டினார்கள். சரிவில் சணல் வலை விரித்துப் புல்லும் மரமும் நட்டார்கள். மழைக்காலம் முடிந்து சுமார் 60 நாளில் வறண்டுகொண்டிருந்த ஓடை, சில ஆண்டுகளில் சுமார் 240 நாள் வரை ஓடியது.