செங்கோட்டை மலைப்பாதையில் மழை வைக்கும் செலவு

குற்றாலத்தில் சாரல் கட்டினால் செங்கோட்டைக்குக் கொண்டாட்டம். ஆனால் அதே மேகம்தான் மலைக்கு மேற்கே ஆரியங்காவு, கழுதுருட்டி, தென்மலைப் பக்கம் கொட்டித் தீர்க்கிறது. அங்கேதான் 1904-இல் மீட்டர்கேஜாகத் திறந்து 2018-இல் அகலப்பாதையாகி முடிந்த கொல்லம் ரயில் தடத்தின் மலைப்பகுதி இருக்கிறது. ஒற்றைத் தடம், குகைகள், கூர்மையான வளைவுகள், பதிமூணு கண் பாலம் எல்லாம் இந்தப் பகுதியில்தான்.

மண் சரிந்து வண்டி நின்றால் செய்தியாகிறது. பணம் அதிகம் ஒழுகுவது வேறு இடத்தில்: வண்டி நிற்காமல், ஆனால் மெதுவாக ஓடும் நாட்களில்.

தண்டவாளத்தையும் அதன் அடியில் குறுக்கே கிடக்கும் ஸ்லீப்பர் கட்டையையும் தாங்குவது ஏறக்குறைய ஓரடி தடிமனுள்ள ஜல்லிப் படுகை. கற்களுக்கு நடுவே இடைவெளி இருந்தால்தான் தண்ணீர் வடியும். மேட்டிலிருந்து கரைந்து வரும் செம்மண்ணும், உராய்ந்து பொடியான கல்லும் அந்த இடைவெளியை அடைத்துவிட்டால் ஸ்லீப்பருக்கு அடியில் சேறு தங்கும். ஒவ்வொரு சக்கரமும் அழுத்தும்போது சேறு மேலே பீச்சியடிக்கும். சக்கரம் கடந்ததும் ஸ்லீப்பர் மேலெழும்பி அடியில் வெற்றிடம் விழும். கொஞ்ச நாளில் தண்டவாளம் அங்கே பள்ளம் தட்டும். ஓரத்தில் வெளுத்த சேறு தெறித்துக் கிடந்தால் தடத்தைப் பராமரிக்கும் கேங்மேனுக்கு வேறு அடையாளம் தேவையில்லை. ஜல்லியைத் தோண்டி, சலித்து, புதிதாக இட்டு, இறுக்கும்வரை அந்த இடத்துக்கு 'காஷன்', அதாவது வேகக் கட்டுப்பாடு, போடுவார்கள்.

இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்கு வேகத்தை மணிக்கு 30 கிலோமீட்டரிலிருந்து 15 ஆகக் குறைத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். கடைசிப் பெட்டி தாண்டும்வரை ஓட்டுநர் வேகம் கூட்ட முடியாது. 400 மீட்டர் நீள வண்டிக்குக் கணக்கு 2.4 கிலோமீட்டர், ஏறக்குறைய ஐந்து நிமிடம் போகிறது. ஒற்றைத் தடம் என்பதால் எதிர்வண்டியும் அடுத்த ஸ்டேஷனில் காத்து நிற்கும். இப்படி மூன்று இடம் இருந்தால், ஊழியர்களின் பணிநேரம் நீள்கிறது, பெட்டித்தொடர் அடுத்த பயணத்துக்குத் தாமதமாகிறது. இந்தச் செலவு எந்த ஒற்றைச் சீட்டிலும் தனியாக எழுதப்படுவதில்லை. அதனாலேயே யாருக்கும் உறைப்பதுமில்லை.

ஏற்றத்தில் இன்னொரு தொல்லை. 40 மீட்டருக்கு 1 மீட்டர் ஏறும் சரிவில் 1,000 டன் வண்டியை நழுவாமல் தாங்கிப் பிடிக்கவே 25 டன் இழுவிசை வேண்டும். 120 டன் என்ஜினின் சக்கரங்களுக்கும் உலர்ந்த தண்டவாளத்துக்குமான பிடிமானம் எடையில் 30 சதவீதம் என்றால் 36 டன் கிடைக்கும். தூறலும் இலைச்சாறும் சேர்ந்து 15 சதவீதமாக்கினால் 18 டன்தான். சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். பின்னால் இன்னொரு என்ஜின் தள்ளுவதற்கும், சக்கரத்தின் முன் மணல் தூவுவதற்கும் காரணம் இதுவே. அந்த மணல் காய்ந்திருக்க வேண்டும். ஈரம் பட்டால் குழாயிலேயே கட்டிக்கொள்ளும்.

சரிவைத் தடுக்கும் வேலை மழைக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். மலை வெட்டின் உச்சியில் மழைநீரை ஒதுக்கித் திருப்பும் வாய்க்கால், தடத்தின் ஓர வாய்க்கால், தாங்குசுவரில் நீர் வடியும் துளைகள், இந்த மூன்றும் திறந்திருக்க வேண்டும். தேக்கிலை பெரிது, இரண்டு மூன்று இலை ஒட்டிக்கொண்டாலே ஒரு துளை அடைபடும். சுவருக்குப் பின்னால் தேங்கும் நீர் மண்ணின் எடையைக் கூட்டி, மண்துகள்களின் பிடிப்பையும் தளர்த்துகிறது. நீர் மண்ணுக்குள் இறங்க நேரம் எடுப்பதால், மழை விட்ட பிறகும் சரியும். வெயில் அடிக்கிறது என்று ரோந்தைக் கைவிடுவது தவறான சிக்கனம்.

ஈரம் சிக்னலையும் விடாது. தண்டவாளத்தில் மின்னோட்டம் அனுப்பி வண்டி இருப்பதை அறியும் அமைப்பில், நனைந்து அழுக்கான ஜல்லி வழியே மின்சாரம் கசிந்தால், வண்டியே இல்லாத தடத்திலும் 'வண்டி இருக்கிறது' என்று காட்டும். பாதுகாப்பு கருதி சிக்னல் சிவப்பாகவே நிற்கும். பிறகு எழுத்தில் அனுமதி கொடுத்துத்தான் வண்டியை நகர்த்த வேண்டும்.

இரவு ரோந்துக்காரரிடம் விளக்கோடு டெட்டனேட்டர் எனப்படும் சிறு வெடிகளும் இருக்கும். தடம் கெட்டிருந்தால் வண்டி வரும் திசையில் சிவப்பு விளக்கைக் காட்டிக்கொண்டே ஓடி, 600 மீட்டரில் ஒன்றும், 1,200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்றும் தண்டவாளத்தின் மேல் பொருத்துவார். சக்கரம் ஏறினால் வெடிக்கும். அடைமழை இரைச்சலிலும் ஓட்டுநருக்குக் கேட்கும். ஒற்றைத் தடத்தில் மறுபக்கத்தையும் காக்க வேண்டும் என்பதால் துணை ஆள் இருப்பது நல்லது.

சரிவை அகற்றியதும் பழைய வேகம் திரும்பிவிடாது. புதிய ஜல்லி சக்கரங்களின் அழுத்தத்தில் படிய வேண்டும். இறுக்கி, மட்டம் பார்த்து, சில வண்டிகளை விட்டு, மறுபடி மட்டம் பார்த்துத்தான் வேகத்தைப் படிப்படியாக ஏற்றுவார்கள். அதற்குள் ஐப்பசித் துலா மழை வந்துவிட்டால் அதே இடத்துக்குக் காஷன் மறுபடியும் ஏறும்.