தொலைநகல்: இணையத்தில் போகும் படியோலை

குன்னூரில் நான் வேலை பார்க்கும் தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் பெரிய மெஷின் ஒன்று இருக்கிறது. ஜெராக்ஸ், பிரிண்ட், ஸ்கேன், ஃபேக்ஸ் எல்லாம் அதிலேயேதான். அதன் திரையில் ‘ஃபேக்ஸ்’ என்று ஒரு பொத்தானும் ‘இன்டர்நெட் ஃபேக்ஸ்’ என்று இன்னொரு பொத்தானும் உண்டு. புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் இரண்டாவதைத் தொட்டுவிட்டு, கொச்சியில் இருக்கும் ஓர் அலுவலகத்தின் ஃபேக்ஸ் எண்ணைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார்.

“அக்கா, நம்பரை எடுத்துக்கவே மாட்டேங்குது.”

“அதுக்கு நம்பர் கிடையாது தம்பி, மெயில் ஐடி போடணும்.”

“அப்போ அது எப்படிக்கா ஃபேக்ஸ் ஆகும்?”

நல்ல கேள்வி. அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்தால்தான் பதில் கிடைக்கும்.

ஃபேக்ஸ் என்பது ‘ஃபேக்சிமிலி’ என்ற சொல்லின் சுருக்கம். அது லத்தீன் மொழியிலிருந்து வந்தது. ‘ஃபாக்’ என்றால் ‘செய்’, ‘சிமிலே’ என்றால் ‘ஒத்தது’. அதாவது, ‘இதைப்போலவே ஒன்று செய்’ என்கிற ஏவல். தொலைபேசி, கம்பி, காகிதம் எதுவுமே அந்தச் சொல்லுக்குள் இல்லை. பார்க்கப்போனால், கருவியே தொலைபேசிக்கு மூத்தது. ஸ்காட்லாந்தின் கடிகாரத் தொழிலாளி அலெக்சாண்டர் பெயின் படத்தைக் கம்பி வழியே அனுப்பும் முறைக்கு 1843-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். தொலைபேசிக்கான காப்புரிமையைக் கிரஹாம் பெல் பெற்றது 1876-ல்தான். இத்தாலியப் பாதிரியார் ஜியோவானி கசெல்லியின் கருவி 1865-ல் பாரிசுக்கும் லியோனுக்கும் இடையே தந்திக் கம்பியில் கையெழுத்தை அப்படியே கொண்டுபோய்ச் சேர்த்தது. ஆக, எண்ணைச் சுழற்றினால்தான் ஃபேக்ஸ் என்பது நமக்கு வந்த பழக்கம்தான். அந்தச் சொல்லுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

தமிழில் இதற்குத் ‘தொலைநகல்’ என்ற சொல் நிலைத்துவிட்டது. அனுப்பும் தாள் தொலைநகல், அனுப்பும் கருவி தொலைநகலி. லெட்டர்ஹெட்டில் தொலைபேசி எண்ணுக்குக் கீழே இந்தச் சொல்லைப் பார்க்காதவர்கள் குறைவு. ஆனால் ‘நகல் தமிழா?’ என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. ‘நக்ல்’ என்ற அரபுச் சொல், ஆட்சி மொழியாக இருந்த பாரசீகம், உருது வழியே கச்சேரி எனப்பட்ட அரசு அலுவலகத்துக்குள் வந்து நம்மிடம் நகல் ஆனது. அதோடு சேர்ந்து வந்த அசலும் அரபிதான். பட்டா நகல், சான்றிட்ட நகல் என்று தாலுகா அலுவலகத்தில் இந்தச் சொல் இல்லாமல் ஒரு நாள் கூட ஓடாது. இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி, அந்த அரபுச் சொல்லுக்குப் பிரதி என்ற பொருளோடு ‘ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோதல்’ என்ற பொருளும் இருப்பது. தொலைநகல் என்ற சொல்லை ஆக்கியவர்கள் அதை நினைத்தார்களோ இல்லையோ, அழகாகப் பொருந்திவிட்டது.

சரி, நகலுக்கு முன்னால் நம்மிடம் என்ன இருந்தது? ‘படி’. பனிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் ஒரு வழக்கு வருகிறது. சுந்தரரின் திருமணப் பந்தலுக்கு வந்த முதியவர், ‘நீ எனக்கு அடிமை’ என்று ஓலையை நீட்டுகிறார். சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். திருவெண்ணெய்நல்லூர் அவையில் முதியவர் அசராமல் சொல்கிறார்: கிழிந்தது படியோலை, மூல ஓலை என் கையில் பத்திரமாக இருக்கிறது. அசலும் நகலும் வருவதற்கு முன்பே, எது கிழிந்தாலும் எது நிற்கும் என்று நம்மவர்கள் சொல் வைத்துப் பிரித்திருக்கிறார்கள். கையெழுத்துப்படி, அச்சுப்படி என்று இன்றும் சொல்கிறோம். ‘அதன்படி செய்’ என்று சொல்லும்போதும் காதில் அதே ஒலிதான். லத்தீன்காரன் சொன்ன ‘இதைப்போலவே செய்’க்கு இவ்வளவு பக்கத்தில் வரும் தமிழ் வேறு இல்லை. புதிதாகச் சொல் ஆக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தால் ‘தொலைப்படி’ என்றுதான் வைத்திருப்பேன். ஆனால் ஊரே எழுதிப் பழகிய தொலைநகலை இப்போது மாற்றச் சொல்ல மாட்டேன்.

இனி இணையத் தொலைநகல். இன்டர்நெட் ஃபேக்ஸ் என்பதற்கு நேர்ச்சொல் இதுதான், சரியான சொல்லும் கூட. ஆனால் உள்ளே நடப்பது என்ன? மெஷின் தாளை ஸ்கேன் செய்து, டிஃப் வகைப் படமாக்கி, மின்னஞ்சலில் இணைத்து அனுப்புகிறது. அந்தப் பக்கத்து மெஷின் தன் அஞ்சல்பெட்டியைத் திறந்து, வந்த படத்தை அச்சடிக்கிறது. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998-ல் டி.37 என்ற பெயரில் இதற்கு விதி வகுத்தது. அதே ஆண்டில் வந்த டி.38 வேறு வகை. அதில் மின்னஞ்சலே கிடையாது, இரண்டு மெஷின்களும் அந்த நேரத்திலேயே இணையம் வழியே பேசிக்கொள்ளும். சில மெஷின்களில் இதற்கு ‘ஐ.பி. ஃபேக்ஸ்’ என்று பெயர். தமிழில் ‘நேரடி இணையத் தொலைநகல்’ என்று பிரித்துச் சொல்லலாம்.

மின்னஞ்சல் என்று புரிந்துவிட்டால் மெஷினில் என்னென்ன நிரப்ப வேண்டும் என்பது தானாகத் தெரியும். மெஷினுக்கென்று தனி மின்னஞ்சல் முகவரி வேண்டும். அனுப்ப எஸ்.எம்.டி.பி. சர்வரின் பெயர், வாங்க பி.ஓ.பி.3 சர்வரின் பெயர், இரண்டுக்கும் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வேண்டும். எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை பெட்டியைப் பார்ப்பது என்ற கணக்கும் உண்டு. டி.என்.எஸ். முகவரியை விட்டுவிட்டால் சர்வரின் பெயரை மெஷினால் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. மெஷின் பழசாகி, அஞ்சல் போகும் தொடர்பைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டும் டி.எல்.எஸ். வசதி இல்லாமல் போனால் பெரிய மின்னஞ்சல் சேவைகள் உள்ளேயே விடாது. இன்னொன்று: செல்போனிலிருந்து மெஷினின் முகவரிக்கு பி.டி.எஃப். அனுப்பினால் பல மெஷின்கள் அச்சடிக்காது, அவை எதிர்பார்ப்பது டிஃப் படத்தை.

இந்தச் சொல் எங்களைச் சரியாக ஏமாற்றியது ‘ஓகே’ என்ற அறிக்கையில்தான். மழைக்காலத்தில் சில்வர் ஓக் கிளை விழுந்து தொலைபேசிக் கம்பி அறுந்துபோன ஒரு வாரம், கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத் தாளை இணையத் தொலைநகலில் அனுப்பினோம். ‘ஓகே’ என்று சீட்டு வந்தது, கோப்பில் குத்தி வைத்தோம். நான்கு நாள் கழித்து, ‘இன்னும் வரவில்லையே’ என்று போன். முகவரியில் ஓர் எழுத்து தவறு. திரும்பி வந்த அஞ்சல் மெஷினின் பெட்டியில் கிடந்திருக்கிறது. நாங்கள் அனுப்பும் பக்கத்தை மட்டும் அமைத்துவிட்டு, வாங்கும் பக்கத்தைக் காலியாக விட்டிருந்ததால் அது அச்சாகவே இல்லை. இரவு முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

தொலைபேசி வழித் தொலைநகலில் ‘ஓகே’ என்றால், எதிர்முனை மெஷின் பக்கத்தை வாங்கிக்கொண்டேன் என்று பதில் சொல்லிவிட்டது என்று பொருள். மின்னஞ்சல் வழி இணையத் தொலைநகலில் எளிய முறை, முழு முறை என்று இரண்டு உண்டு. எளிய முறையில் ‘ஓகே’ என்றால், நம் அஞ்சல் சர்வர் வாங்கிக்கொண்டது, அவ்வளவுதான். தபால் பெட்டியில் போட்டதற்கு அடையாளம், கையில் சேர்ந்ததற்கு இல்லை. முழு முறையில் அனுப்பி, அந்தப் பக்கமும் அதற்கு ஏற்ற மெஷின் இருந்தால், அச்சான பிறகு ஒப்புகை அஞ்சல் திரும்பி வரும். பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டை மாதிரி.

இப்போது மெஷின் திரைக்குக் கீழே ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருக்கிறேன். ‘தொலைநகல்: எண். இணையத் தொலைநகல்: மின்னஞ்சல் முகவரி.’ கோப்பில் குத்தும் சீட்டிலும் வெறும் ‘ஓகே’ நிற்பதில்லை. தம்பி அதன் மேல் பேனாவால் ‘ஒப்படைத்தாச்சு’ என்று எழுதுகிறார். ஒப்புகை வந்த பிறகோ, போன் போட்டுக் கேட்ட பிறகோதான் பக்கத்தில் ‘சேர்ந்தது’ என்று எழுதித் தேதி போடுகிறார்.