உச்சிக்கிளையின் தாகம்

வடக்குக் கலிபோர்னியாவின் கடலோரக் காடுகளில் நிற்கும் ரெட்வுட் மரங்களில் தொற்றி ஏற முடியாது. முதல் கிளையே பல மாடி உயரத்தில் இருக்கும். ஆய்வாளர்கள் தூண்டில் நரம்பு கட்டிய அம்பை எய்து, உயரத்துக் கிளையொன்றைத் தாண்டி விழச் செய்கிறார்கள். நரம்பு மெல்லிய கயிற்றை இழுக்க, அது வடக்கயிற்றை இழுத்துக்கொண்டு போகும். பிறகு அந்தக் கயிற்றில்தான் ஏறுகிறார்கள். பட்டையில் ஆணி படுவதில்லை. (செம்மரம் என்று தமிழாக்கலாம்தான். ஆனால் நமக்கு உடனே ஆந்திரக் கடத்தல் செய்திகள் நினைவுக்கு வரும். ரெட்வுட்டாகவே இருக்கட்டும்.)

உலகின் மிக உயரமான மரமான ஹைப்பீரியனை 2006இல் அப்படித்தான் அளந்தார்கள். தாவரவியலாளர் ஸ்டீபன் சில்லட் உச்சிவரை ஏறி அளவுநாடாவைத் தொங்கவிட்டார்: 115.5 மீட்டர்.

ஏறும்போது இலைகளைக் கவனித்தால் ஒரு விசித்திரம் தெரியும். அடிக்கிளைகளில் இலைகள் தட்டையாக, சீப்பின் பற்கள்போல் இருபுறமும் விரிந்திருக்கும். மேலே போகப்போகக் குறுகித் தடிக்கும். உச்சியில் வெறும் செதில்கள், தண்டோடு ஒட்டிக் கிடக்கும். ஒரே மரம் என்று நம்புவது கடினம்.

காரணம் தண்ணீர். மரத்துக்குள் மோட்டார் கிடையாது. இலையிலிருந்து நீர் ஆவியாகும்போது, வேர்வரை அறுபடாமல் நீளும் நீர்த்தாரை மேல்நோக்கி இழுபடுகிறது. புவியீர்ப்பைச் சமாளிக்க மட்டும் 10 மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் வேண்டும். ஹைப்பீரியனின் உச்சிக்குப் பதினொன்றுக்கும் மேல். நுண்குழாய்களின் உராய்வு தனிக்கணக்கு. இழுவிசை எல்லை மீறினால் குழாயில் காற்று புகுந்து தாரை அறுந்துவிடும். அதற்குப் பயந்து இலைகள் துளைகளை மூடினால், கரியமில வாயுவும் உள்ளே வராது. போதாததற்கு, இளம் செல்கள் விரிய உள்ளிருந்து நீர் அழுத்த வேண்டும். உச்சியில் அந்த அழுத்தம் குறைவு. காலடியில் ஈரம் சொட்டினாலும் தலை வறட்சியில்தான் வாழ்கிறது.

வெயிலும் காற்றும்தான் இலையைச் சுருக்கின என்று சொல்லலாமே? அதற்கும் மரத்தின் மேலேயே பதில் கிடைத்தது. கிளைக்கவட்டில் மட்கிச் சேர்ந்த மண்ணில், சுமார் 95 மீட்டர் உயரத்தில், ஒரு குட்டி ரெட்வுட் முளைத்திருந்தது. அதன் இலைகள் தரைக்கன்றின் இலைகளைப்போல் விரிந்திருந்தன. அதே உயரம்தான், ஆனால் வேர் பக்கத்திலேயே இருந்தது!

இதையெல்லாம் கணக்கிட்டு, ஜார்ஜ் காக்கும் சில்லட்டும் சக ஆய்வாளர்களும் 2004இல் மரத்தின் உயரத்துக்கு ஓர் உச்சவரம்பு சொன்னார்கள்: 122 முதல் 130 மீட்டர். கோடையில் பசிபிக் கடல் அனுப்பும் மூடுபனியை இலைகள் நேரடியாகவே உறிஞ்சிக்கொள்வது கொஞ்சம் கைகொடுக்கிறது. புயலில் உச்சி முறிந்தாலும் மரம் சோர்வதில்லை. கிளைகள் நிமிர்ந்து புதிய தண்டுகளாகின்றன. சில மரங்களின் தலைக்குள்ளேயே ஒரு சிறு காடு நிற்பது அதனால்தான்.

ஹைப்பீரியன் இன்னும் உயராததற்குத் தாகம் மட்டும் காரணமில்லை என்றும் ஒரு கருத்து உண்டு. அதன் உச்சியை மரங்கொத்தி கொத்தி வைத்திருக்கிறதாம்.