திடீர் வெள்ள எச்சரிக்கை: கடைசி வீட்டிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள்

தங்கள் ஊருக்குத் திடீர் வெள்ள எச்சரிக்கை அமைப்பு வேண்டும் என்று கேட்டு வருபவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளோடு வருகிறார்கள். எந்த சென்சார் நல்லது? சைரனை எங்கே வைக்கலாம்? இரண்டுக்கும் பதில் சொல்லும் முன் நான் அவர்களிடம் கேட்பது வேறு. ஓடைக்குப் பக்கத்தில், ஆகத் தாழ்வான இடத்தில் இருக்கும் வீடு எது? அந்த வீட்டில் ஆக மெதுவாக நடப்பவர் யார்? அவர் மேட்டுக்கு ஏறிச் சேர எத்தனை நிமிடம் ஆகும்?

மூன்றாவது கேள்விக்கு இதுவரை யாரும் எனக்கு உடனே பதில் சொன்னதில்லை. ஆனால் அந்த எண் தெரியாமல் எந்தக் கருவியையும் எங்கும் பொருத்த முடியாது என்பது பல ஊர்களில் இந்த வேலையைச் செய்து நான் தெரிந்துகொண்டது.

கனமழையாலோ அணை உடைந்தோ ஆறு மணி நேரத்துக்குள் வந்துவிடும் வெள்ளத்தைத் திடீர் வெள்ளம் என்று வகைப்படுத்துகிறார்கள். மலையடிவாரத்தில் அந்த ஆறு மணி நேரம் கிடைக்கும் என்று நம்பி இருக்கக் கூடாது. 2025 ஜூலை 4 அதிகாலையில் அமெரிக்காவின் டெக்சாஸில் குவாடலூப் ஆறு சுமார் 45 நிமிடத்தில் 26 அடி உயர்ந்தது. ஆற்றங்கரை முகாம்களில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்த நேரம். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். நேரத்தை நாம் நிமிடங்களில்தான் எண்ணியாக வேண்டும்.

ஓர் ஊரில் அந்தக் கடைசி வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டியும் அவருடைய பேத்தியும் இருந்தார்கள். பாட்டியின் வலது முழங்கால் மடங்காது. நல்ல வெயிலில், கையில் கடிகாரத்தோடு அவருடன் மேட்டிலிருந்த சமூகக்கூடம் வரை நடந்தேன். 9 நிமிடம் ஆனது. "இவ்வளவுதானே தம்பி, மழை வந்தா எந்திரிச்சு வந்துட மாட்டேனா?" என்றார். அன்றிரவு சாரல் விழுந்துகொண்டிருந்தபோது அவர் சம்மதத்தோடு மறுபடி நடந்து பார்த்தோம். தெருவிளக்குகளை அணைத்துவிட்டோம், உண்மையில் வெள்ளம் வரும்போது மின்சாரம் இருக்காது. எழுந்து, செருப்பைத் தேடி, மாத்திரைப் பையை எடுத்து, வழுக்கும் படிகளில் ஒவ்வொன்றாகக் கால் வைத்து மேலே வந்து சேர 16 நிமிடம். கூடத்துத் திண்ணையில் உட்கார்ந்து அவர் மூச்சு வாங்கியதைப் பார்த்த பிறகு யாருக்கும் அந்த எண்ணை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இனி அந்த 16லிருந்து பின்னோக்கிப் போகலாம். ஓடையின் நீர்மட்டத்தை அளக்கும் சென்சார் உயர்வைக் கண்டு தகவல் அனுப்ப 2 நிமிடம். அதைப் பார்ப்பவர் உறுதி செய்து முடிவெடுக்க 2. சைரன் ஒலித்து, கேட்காத வீடுகளின் கதவைத் தட்ட 2. மொத்தம் 22 நிமிடம் முன்னதாக வெள்ளத்தைப் பிடிக்க வேண்டும். செங்குத்தான ஓடையில் வெள்ளத்தின் முகப்பு நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வரலாம். அப்படியானால் சென்சார் ஊருக்குக் குறைந்தது 4 கிலோமீட்டர் மேலே இருக்க வேண்டும். அந்த ஊரில் பாலமும் செல்பேசி சிக்னலும் சேர்ந்து கிடைத்த இடம் 3 கிலோமீட்டரில்தான் இருந்தது. அங்கிருந்து ஊருக்கு 17 நிமிடம்; அதில் 6 போனால் பாட்டிக்கு மிஞ்சுவது 11. ஐந்து நிமிடம் குறைகிறது.

இந்தக் கணக்கைப் போடாமல், பார்க்க வசதியாக இருக்கிறதென்று ஊரை ஒட்டிய பாலத்திலேயே சென்சாரை மாட்டிவிட்டுப் போன இடங்களைப் பார்த்திருக்கிறேன். வெள்ளம் வந்துவிட்டது என்பதை மட்டும் அது துல்லியமாகச் சொல்லும். இன்னொரு தவறு, 15 நிமிடத்துக்கு ஒருமுறை அளவெடுக்கும்படி சென்சாரை அமைப்பது. பேட்டரியை மிச்சப்படுத்த அப்படிச் செய்கிறார்கள். நம் கையில் இருப்பதே 17 நிமிடம் என்றால், அதில் 15ஐக் கருவியின் தூக்கத்துக்கே கொடுத்துவிடுகிறோம். சாதாரண நாட்களில் மெதுவாகவும், மட்டம் ஏறத் தொடங்கியதும் நிமிடத்துக்கு ஒருமுறையும் அளக்கும்படி அமைக்க முடியும். வாங்கும்போதே இதைக் கேட்டுவிடுங்கள்.

குறைகிற ஐந்து நிமிடத்தை எங்கே தேடுவது? மழையில் தேடலாம். மேலே நீர்ப்பிடிப்புப் பகுதியில் மழைமானிகள் வைத்தால், மழைநீர் ஓடையில் சேருவதற்கு முன்பே தகவல் வந்துவிடும். ஆனால் எல்லா மழையும் வெள்ளமாவதில்லை. காய்ந்து கிடக்கும் மண் குடித்துவிடும் மழையை, நான்கு நாள் ஊறிய மண் அப்படியே கீழே தள்ளிவிடும். மழைமானி நேரத்தைக் கொடுக்கிறது, உறுதியைக் கொடுப்பதில்லை. நீர்மட்டம் உறுதியைக் கொடுக்கிறது, நேரத்தைக் கொடுப்பதில்லை. அதனால் நாங்கள் இரண்டு கட்டமாக வைப்போம். மழை ஓர் அளவைத் தாண்டினால் "தயாராகுங்கள்". முதியவர்கள் எழுந்து செருப்பு போட்டுக்கொள்ளலாம். அவர்களைக் கூட்டிப்போக வேண்டியவர்கள் அவர்கள் வீட்டுக்கு வந்துவிடலாம். நீர்மட்டம் அளவைத் தாண்டினால் "ஏறுங்கள்".

மழைமானியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாற்றுவது பெரும்பாலும் அதுதான். வாயகன்ற புனல், அதன் கீழே சீசா பலகை போல இரண்டு சின்னக் குழிகள். ஒரு பக்கம் நிறைந்ததும் சாய்ந்து கொட்டும், மறுபக்கம் நிறையத் தொடங்கும். ஒவ்வொரு சாய்வுக்கும் ஒரு காந்தம் சுவிட்சைக் கடந்துபோகும், கணக்கு ஏறும். ஒருமுறை, ஊரே நனைந்துகொண்டிருந்த நாளில் ஒரு மழைமானி பூஜ்யம் காட்டிக்கொண்டிருந்தது. மேலே ஏறிப் போய் மூடியைக் கழற்றினோம். புனலின் வாயை அடைத்துக்கொண்டு ஒரு இலை. அதற்குக் கீழே குளவி கட்டிய மண் கூடு. மேலே தண்ணீர் தேங்கி நிற்கிறது, உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை. நூறு கிலோமீட்டர் தள்ளி கணினித் திரையின் முன் உட்கார்ந்திருந்தவருக்கு அது "மழை இல்லை" என்றே தெரிந்தது.

அடைபட்ட மழைமானியும் வெயில் நாளும் ஒரே தகவலைத்தான் அனுப்பும். இதைக் கண்டுபிடிக்க மலிவான, உறுதியான வழி ஒன்று இருக்கிறது. 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள புனலின் பரப்பு 314 சதுர சென்டிமீட்டர். அதில் 314 மில்லிலிட்டர் தண்ணீர் ஊற்றினால் அது 10 மில்லிமீட்டர் மழைக்குச் சமம். ஒரு சாய்வுக்கு 0.2 மில்லிமீட்டர் என்றால் 50 முறை சாய வேண்டும். ஒரேயடியாகக் கொட்டாமல் மெல்ல மெல்ல ஊற்றிவிட்டு எண்ணுங்கள். 50 வந்தால் நல்லது. 41 வந்தால் எங்கோ கசிகிறது அல்லது அழுக்கு சேர்ந்திருக்கிறது. இதற்குப் பொறியாளர் தேவையில்லை. பத்து வயதுப் பிள்ளைகள்கூட அருமையாகச் செய்கிறார்கள். ஊரில் ஒருவர் பொறுப்பெடுத்து மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புனலைத் துடைத்தால் போதும். கூடவே, மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும் மணிக்கு ஒருமுறை "உயிரோடு இருக்கிறேன்" என்று ஒவ்வொரு கருவியும் தகவல் அனுப்ப வேண்டும். அது வராமல் போவதையே பழுது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நீர்மட்ட சென்சாரை முடிந்தவரை தண்ணீருக்குள் வைக்காதீர்கள். காட்டாற்று வெள்ளம் பாறையையும் மரத்தையும் உருட்டிக்கொண்டு வரும். பாலத்துக்கு அடியில், கீழ்நோக்கிப் பார்க்கும்படி, நீர் வெளியேறும் பக்கமாக மாட்டினால் அடிபடும் வாய்ப்பு குறைவு. மீயொலி சென்சார் (ஒலியை அனுப்பி, அது எதிரொலித்துத் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரத்தை அளப்பது) என்றால் வெப்பநிலையைச் சரிக்கட்டும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால், 5 மீட்டர் உயரத்தில் 10 டிகிரி மாற்றத்துக்கே ஏறக்குறைய 9 சென்டிமீட்டர் பிசகும். ரேடார் வகையில் இந்தத் தொல்லை கிடையாது.

பலரும் கவனிக்காத ஒன்று: மட்டம் ஏறினால் மட்டும் அலாரம் அடிக்கும்படி வைத்துவிடுகிறார்கள். மேலே மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது ஓடையில் தண்ணீர் திடீரென்று குறைந்தால், அது வெள்ளம் வடிகிறது என்று அர்த்தமல்ல. மண் சரிந்தோ மரங்கள் அடைத்தோ மேலே எங்கோ தண்ணீர் தேங்கிக்கொண்டிருக்கலாம். அது உடைத்துக்கொண்டு வரும்போது எந்தக் கணக்கும் நிற்காது. மழை நிற்காமல் மட்டம் மட்டும் சட்டென்று இறங்கினால் அதற்கும் அலாரம் அடிக்க வேண்டும்.

அடுத்தது, பொத்தானை யார் அழுத்துவது? இதை எழுதும்போது 2024 அக்டோபர் 29 அன்று ஸ்பெயினின் வலென்சியாவில் நடந்தது நினைவுக்கு வருகிறது. காலையிலேயே அந்நாட்டு வானிலை நிறுவனம் சிவப்பு எச்சரிக்கை கொடுத்திருந்தது. பைபோர்த்தா போன்ற ஊர்களில் மழை ஏறக்குறைய இல்லை. மேற்கே கொட்டிய மழைதான் வறண்ட ஓடை வழியாக இறங்கி வந்தது. மக்களின் செல்பேசிகளுக்கு அவசர எச்சரிக்கை போனது இரவு 8.11 மணிக்கு. அதற்குள் பல தெருக்களில் தண்ணீர் புகுந்து ஆட்களை அடித்துக்கொண்டு போய்விட்டது. 220க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தகவல் இருந்தது, நேரமும் இருந்தது. முடிவு வந்து சேரவில்லை.

ஆகவே சைரனை ஒலிக்க வைக்கும் அதிகாரம் ஊருக்குள்ளேயே, பெயர் குறிப்பிட்ட மூன்று பேரிடம் இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வேன். மூவரில் யார் விழித்திருந்தாலும், எவரிடமும் அனுமதி கேட்காமல் ஒலிக்கலாம் என்பதை எழுத்தில் வாங்கிவிடுங்கள். வெள்ளம் வராமல் போனாலும் அவரை யாரும் குற்றம் சொல்லக் கூடாது என்பதையும் அதில் சேருங்கள். நடுராத்திரியில் ஒருவரைத் தயங்க வைப்பது அந்தப் பயம்தான். மேல் ஊருக்கும் கீழ் ஊருக்கும் நேரடி உறவு இருந்தால் இன்னும் நல்லது. அஸ்ஸாமின் ஜியாதல் ஆற்றில் ஐசிமோட் (இமயமலைப் பகுதி நாடுகளுக்கான மலை மேம்பாட்டு மையம்) உதவியோடு அப்படிச் செய்தார்கள்: மேல்நிலையில் ஒருவர் கருவியைக் கவனித்து, கீழே உள்ள ஊர்களுக்குச் செல்பேசியில் சொல்லிவிடுவார்.

சைரனை வெயில் காலையில், விழா மேடை பக்கத்தில் சோதித்துவிட்டுக் கைதட்டுவதில் பயனில்லை. தூரம் இரண்டு மடங்கானால் ஒலி 6 டெசிபல் குறையும். தகரக் கூரையில் மழை அடித்தால் மிச்சமும் அமுங்கிவிடும். மழை பெய்யும் இரவில், கடைசி வீட்டுக்குள், கதவைச் சாத்திக்கொண்டு கேட்டுப் பாருங்கள். கேட்கவில்லை என்றால் அந்த வீட்டுக்கு ஒரு ஆளை நியமியுங்கள். காது கேளாதவர் இருக்கும் வீட்டுக்கும் அப்படியே. செல்பேசி டவர் மின்சாரம் போய்ச் செத்துவிடும் என்று வைத்துக்கொண்டே திட்டம் போடுங்கள்.

சைரன் கேட்டால் எங்கே போவது என்பதில் நானே ஒருமுறை தவறியிருக்கிறேன். விசாலமாக இருக்கிறதென்று ஒரு பள்ளிக்கூடத்தைக் கூடுமிடமாகக் குறித்துவிட்டேன். ஒத்திகையின்போதுதான் ஒரு தாய் சொன்னார்: "சார், அங்க போகணும்னா ஓடையைத்தானே தாண்டணும்?" வழியில் ஒரு சிறுபாலம் இருந்தது. வேகமாக ஓடும் 15 சென்டிமீட்டர் தண்ணீரே பெரியவர்களைக் கீழே தள்ளும். 30 சென்டிமீட்டர் சிறிய காரை மிதக்க வைக்கும். 60 சென்டிமீட்டரில் பெரும்பாலான வண்டிகள் அடித்துச் செல்லப்படும். நான் மக்களை அதற்குள் நடத்திக் கூட்டிப்போக இருந்தேன். அந்தப் பெண்ணின் கேள்வியை இன்றுவரை மறக்கவில்லை.

1976 ஜூலை 31 அன்று கொலராடோவின் பிக் தாம்சன் பள்ளத்தாக்கில் 144 பேர் இறந்தார்கள். வெள்ளத்துக்கு முன்னால் காரில் பாதை வழியே ஓடித் தப்பிக்கப் பார்த்தவர்கள் அவர்களில் பலர். வண்டியை விட்டுவிட்டுச் சரிவில் ஏறியவர்கள் பிழைத்தார்கள். இன்று அந்த மாநிலத்துப் பள்ளத்தாக்குச் சாலைகளில், வெள்ளம் வந்தால் மேலே ஏறித் தப்புங்கள் என்று பலகைகள் இருக்கின்றன. எனவே ஓடையோரமாக ஓடக் கூடாது, தண்ணீரைத் தாண்டக் கூடாது. பக்கத்து மேடு எதுவோ அதில் ஏற வேண்டும்.

கடைசியாக, பொய் எச்சரிக்கை. பாட்டிக்குக் குறைந்த அந்த ஐந்து நிமிடத்தை ஈடுகட்ட, பாலத்தில் அலாரம் அடிக்கும் மட்டத்தைத் தாழ்த்தி வைத்திருந்தோம். விளைவு, முதல் மழைக்காலத்தில் சைரன் நான்கு முறை ஒலித்து, மூன்று முறை ஓடை கரைக்குள்ளேயே அடங்கிவிட்டது. ஒவ்வொரு முறையும் மறுநாள் காலை ஊர் நடுவில் நின்று, மட்டம் எங்கே வரை வந்தது, எதனால் ஒலித்தோம் என்று வரைபடத்தைக் காட்டி விளக்கினோம். மக்கள் கோபப்படவில்லை. ஆனால் நான்காவது முறை சிலர் எழுந்திருக்கவில்லை என்பது எங்களுக்குத் தெரியும்.

மறு ஆண்டு நாங்கள் கருவியைத் தொடவில்லை. பாட்டி வீட்டிலிருந்து மேட்டுக்குப் போகும் படிகளில் கைப்பிடிக் கம்பி போட்டோம். மூன்று இடத்தில் சோலார் விளக்கு வைத்தோம். மாத்திரைப் பையும் டார்ச்சும் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கின. பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் பாட்டியின் கையைப் பிடித்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டான். மழை இரவில் மறுபடி நடந்து பார்த்தோம். 10 நிமிடம். அடுத்த வாரம் பாலத்தில் அலாரம் மட்டத்தை 40 சென்டிமீட்டர் உயர்த்தினோம்.