எஸ்.ஏ.டி.யா, ஏ.சி.டி.யா? உங்கள் பிள்ளையின் தவறுகளைப் பார்த்து முடிவெடுங்கள்

"சார், பொண்ணுக்குக் கணக்கு நல்லா வரும். எஸ்.ஏ.டி. எழுதட்டுமா, ஏ.சி.டி. எழுதட்டுமா?"

அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்காக எழுதும் இந்த இரண்டு தேர்வுகளுக்கும் நியூஜெர்சியில் கணக்குச் சொல்லித்தருகிறேன். பதினோராம் வகுப்பு தொடங்கிவிட்டால் எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை இந்தக் கேள்விக்காகத்தான். கேட்பவர்கள் பலர் பதிலையும் கையோடு கொண்டுவருகிறார்கள்: நண்பர் வீட்டுப் பையன் ஏ.சி.டி.யில் நன்றாகச் செய்தான், அதனால் அதுதான் சுலபம். சிலர் இன்னமும் எஸ்.ஏ.டி.யின் தனிப்பாடத் தேர்வான 'மேத் லெவல் 2' பற்றிக் கேட்கிறார்கள். அந்த சப்ஜெக்ட் டெஸ்ட்கள் 2021-லேயே நிறுத்தப்பட்டுவிட்டன. அண்ணன் காலத்து யோசனை தம்பிக்குப் பொருந்தாது.

இரண்டில் எதை எழுதினாலும் கல்லூரிகள் சமமாகவே பார்க்கின்றன. ஆனால் கணக்கு இரண்டிலும் ஒரே எடை கொண்டதல்ல. எஸ்.ஏ.டி.யின் 1600-இல் கணக்குக்கு மட்டும் 800, அதாவது சரிபாதி. ஏ.சி.டி.யின் மொத்த மதிப்பெண் இப்போது ஆங்கிலம், கணக்கு, வாசிப்பு மூன்றின் சராசரி. கணக்கில் கொஞ்சம் தடுமாறி, ஆங்கிலத்தில் வலுவாக இருக்கும் பிள்ளையை ஏ.சி.டி. தாங்கிப் பிடிக்கும். இதைச் சொன்னால் பெற்றோர் பலருக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

அடுத்தது நேரம். எஸ்.ஏ.டி.யில் 44 கேள்விகளுக்கு 70 நிமிடம், ஒரு கேள்விக்கு ஒன்றரை நிமிடத்துக்குச் சற்று மேல். ஏ.சி.டி.யில் 45 கேள்விகளுக்கு 50 நிமிடம்தான். ஏ.சி.டி.க்குச் சொன்ன இந்த எண்கள் 2025-இல் வந்த புதிய வடிவத்துக்கு உரியவை. அதற்கு முன்பு 60 நிமிடத்தில் 60 கேள்விகள் இருந்தன, ஒவ்வொன்றுக்கும் ஐந்து விடைகள், இப்போது நான்கு. வீட்டில் பழைய புத்தகம் இருந்தால் பாடத்தைப் படிக்க வைத்துக்கொள்ளுங்கள், கடிகாரம் வைத்துப் பழக அது வேண்டாம்.

என்னிடம் வரும் பிள்ளைகளை முதலில் இரண்டு சனிக்கிழமை காலைகளில், இரண்டு தேர்வையும் முழுதாக, நேரம் வைத்து எழுதச் சொல்வேன். எஸ்.ஏ.டி.க்கு, அந்தத் தேர்வை எழுதும் புளூபுக் செயலியிலேயே மாதிரித் தேர்வுகள் இலவசமாக இருக்கின்றன. மதிப்பெண்ணை நான் பிறகுதான் பார்ப்பேன். தவறான ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் 'தெரியவில்லை', 'நேரமில்லை', 'கவனக்குறைவு' என்று மூன்றில் ஒன்றைப் பிள்ளையே எழுத வேண்டும்.

'தெரியவில்லை' எனக்குக் கவலை தருவதில்லை. ஏ.சி.டி.யில் மேட்ரிக்ஸ், லாகரிதம் வரும், எஸ்.ஏ.டி.யில் வராது. எஸ்.ஏ.டி.யில் சூத்திரப் பட்டியல் திரையிலேயே கிடைக்கும், ஏ.சி.டி.யில் மனப்பாடமாக இருக்க வேண்டும். இவையெல்லாம் சில வாரங்களில் சொல்லித்தரக்கூடியவை. இதற்காக ஒரு தேர்வையே ஒதுக்க வேண்டியதில்லை.

'நேரமில்லை' அப்படியல்ல. நிதானமாக யோசிப்பது அந்தப் பிள்ளையின் இயல்பு. அதை மாற்றப் போய் உள்ள நம்பிக்கையையும் கெடுத்துவிடுவோம். அவர்களுக்கு எஸ்.ஏ.டி.தான் என்று தயங்காமல் சொல்வேன்.

'கவனக்குறைவு' அதிகமிருந்தால் எஸ்.ஏ.டி.யில் ஓர் ஆபத்து உண்டு. முதல் 22 கேள்விகளில் எப்படிச் செய்கிறார்கள் என்பதை வைத்துத்தான் அடுத்த 22 கேள்விகளின் கடினம் அமையும். அவசரத்தில் முதல் பகுதியைக் கோட்டைவிட்டால் எளிய இரண்டாம் பகுதி வரும். அதில் அத்தனையும் சரியாகப் போட்டாலும் உயர்ந்த மதிப்பெண்ணை எட்ட முடியாது. ஏ.சி.டி. கணக்கில் இந்தப் பிரிப்பு கிடையாது.

இதற்கெல்லாம் முன்னால், பிள்ளை விண்ணப்பிக்கப்போகும் கல்லூரிகளின் பட்டியலைக் கையில் எடுங்கள். எம்.ஐ.டி. 2022-இல் தேர்வு மதிப்பெண்ணை மீண்டும் கட்டாயமாக்கியது. கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்களோ சேர்க்கைக்கு இவற்றைப் பார்ப்பதே இல்லை.

சென்ற ஆண்டு வந்த ஒரு மாணவி ஏ.சி.டி. கணக்கில் கடைசி ஒன்பது கேள்விகளைத் தொடவே இல்லை. தொட்டவற்றில் இரண்டுதான் தவறு. "இவளுக்குக் கணக்கே வராது போலிருக்கு சார்" என்று அவள் எதிரிலேயே அம்மா சொன்னார். விடைத்தாளை அவர் பக்கம் திருப்பி, அவள் எழுதிய முப்பத்தாறையும் ஒவ்வொன்றாகக் காட்டினேன். அந்த வாரமே எஸ்.ஏ.டி.க்குப் பதிவு செய்தார்கள்.