சத்தம் எங்கிருந்து என்பதற்கு முன், எப்போது என்று கவனியுங்கள்

பைக்கோடு பட்டறைக்கு வருபவர்களில் பெரும்பாலோர், “இன்ஜின்ல சத்தம் வருதுங்க, டேப்பட் மாதிரி இருக்கு” என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். டேப்பட் என்பது இன்ஜினின் வால்வைத் தள்ளித் திறக்கும் பாகம். அந்தச் சத்தம் எப்போது வருகிறது, எப்போது அடங்குகிறது என்று கேட்டால் பலரிடம் பதில் இருப்பதில்லை. உலோகத்தின் வழியே ஓசை எளிதில் பரவிவிடுவதால், காது காட்டும் இடத்தில் பழுது இருக்கும் என்று நம்ப முடியாது. அந்த நம்பிக்கையில் மாற்றப்படும் பாகங்களின் செலவு வண்டிக்காரர் தலையில்தான் விழுகிறது.

முதலில் பிரித்தறிய வேண்டியது, சத்தம் இன்ஜினின் வேகத்தைப் பின்தொடர்கிறதா, சக்கரத்தின் வேகத்தைப் பின்தொடர்கிறதா என்பதை. போக்குவரத்து இல்லாத சாலையில் மிதமான வேகத்தில் செல்லும்போது ஆக்சிலேட்டரை விட்டுக் கிளட்ச்சைப் பிடியுங்கள். இன்ஜின் ஐடிலிங்குக்கு (ஆக்சிலேட்டர் கொடுக்காதபோது ஓடும் குறைந்த வேகத்துக்கு) இறங்கிய பிறகும் சத்தம் அப்படியே தொடர்ந்தால், வீல் பேரிங், செயின், அது ஓடும் பற்சக்கரமான ஸ்ப்ராக்கெட், பிரேக் ஆகியவற்றைத்தான் பார்க்க வேண்டும். பிறகு இன்ஜினை அணைத்து, மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி, டயரைப் பிடித்துச் சுழற்றிப் பாருங்கள். பேரிங் தேய்ந்திருந்தால் கரகரப்பு கையிலேயே தெரியும். இன்ஜின் ஓடும்போது செயின் அருகே விரலைக் கொண்டுபோகவே கூடாது.

இன்ஜினிலிருந்துதான் வருகிறது என்று உறுதியானால், ஆயில் அளவைப் பார்த்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். அடுத்து, தாளத்தைக் கேளுங்கள். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில், பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால், டேப்பட்டைத் தள்ளும் கேம் ஒரு சுற்றுதான் சுற்றும். நிமிடத்துக்கு 1400 சுற்றில் ஐடிலிங் ஓடும் வண்டியில் கேம் சுற்றுவது 700 தடவை. ஆகவே டேப்பட்டின் “டிக் டிக்” சற்று நிதானமாகவும், பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடு சார்ந்த தட்டல் பெரும்பாலும் அதைவிட வேகமாகவும் ஒலிக்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கேட்டு, சூடேறியதும் குறையும் தட்டல் பெரும்பாலும் தேய்ந்த பிஸ்டனுடையது. சூட்டில் பிஸ்டன் விரிந்து, சிலிண்டர் சுவரோடு உள்ள இடைவெளி குறைந்துவிடுகிறது. இத்தகைய சத்தம் பட்டறைக்கு வந்து சேர்வதற்குள் மறைந்துவிடும் என்பதால், முந்தின நாள் மாலையே வண்டியை விட்டுச் செல்லுங்கள். சைலன்சர் பெண்ட் (புகை வெளியேறும் வளைந்த குழாய்) இன்ஜினோடு சேரும் இடத்தில், கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் போயிருந்தாலும் டேப்பட் போன்ற ஓசைதான் வரும். அந்த இணைப்பைச் சுற்றிப் படிந்திருக்கும் கரிக்கோடு அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

சத்தமே கூடாது என்று டேப்பட்டை இறுக்கச் சொல்பவர்களுக்கு நான் இணங்குவதில்லை. இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் வைத்து, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, டேப்பட்டுக்கும் வால்வுக்கும் இடையே தயாரிப்பாளர் சொன்ன இடைவெளியை விட்டாக வேண்டும். அந்த இடைவெளி இல்லாவிட்டால் வால்வு முழுமையாக மூடாது; கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம்) குறைந்து, எக்சாஸ்ட் வால்வு கருகும். சத்தமில்லாமலே கெடுகிற வண்டி அது.

சூடேறியபின், மேட்டில் இழுக்கும்போது, அடிவயிற்றிலிருந்து வருவதுபோல் கனமான “டொக் டொக்” கேட்டால் மேற்கொண்டு ஓட்டாதீர்கள். கனெக்டிங் ராடு பேரிங் தேய்ந்த நிலையில் ஓட்டினால் ராடு முறிந்து, கிராங்க்கைச் சுற்றியுள்ள கூடான கிராங்க் கேஸையே உடைத்துவிடக்கூடும்.

வீட்டு மோட்டாருக்கும் இதே முறைதான். ஓடிக்கொண்டிருக்கும்போது சுவிட்சை அணையுங்கள். உறுமல் அந்தக் கணமே நின்றுவிட்டால் கோளாறு மின்சாரப் பக்கம், சுற்று குறையும்வரை கூடவே இழுத்துக்கொண்டு வந்தால் பேரிங் அல்லது சுழலும் பாகங்களின் பக்கம். தண்ணீர் பம்ப்பினுள் சரளைக்கல் ஓடுவதுபோல் சத்தம் வந்தால், மோட்டாரைக் கழற்றுவதற்கு முன் கிணற்றில் நீர்மட்டம் இறங்கியிருக்கிறதா, உறிஞ்சு குழாயில் அடைப்போ காற்றுக் கசிவோ இருக்கிறதா என்று பாருங்கள்.